பொது அடைவுக்கு அனுமதி கேட்கும்போது மீளாய்வுக் குழு எதைத் தேடுகிறது?

கேள்வியை இரண்டு தரம் வடிவாக வாசித்தேன். "பகிர்வு அடைவு" என்றவுடன், ஓர் அலுவலகத்தில் நாலு கணினிகள் ஒரே போல்டரைத் திறந்து பார்க்கிற விசயம் என்று நினைக்கத் தோன்றும். உங்கள் சிக்கல் வேறு. நீங்களும் யாழ்ப்பாணத்தில் உங்களோடு படிக்கிற இருவரும் சேர்ந்து ஒரு தமிழ்ச் சொற்தொகுதி செய்திருக்கிறீர்கள். எழுத்துப்பிழை பார்க்கும் நிரல், விசைப்பலகையில் சொல் எடுத்துக் கொடுக்கும் நிரல், படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் நிரல் என்று மூன்று அந்தத் தொகுதியைப் பாவிக்கின்றன. சோலாரிஸ் இயங்குதளத்தின் திறந்த மூல வாரிசு இல்லுமோஸ். அதன் வழிவந்த ஓர் இயங்குதளத்துக்கு அவற்றை மூன்று பொதிகளாக, அதாவது நிறுவுவதற்கென்று கட்டிய கோப்புத் தொகுப்புகளாக, கொடுத்தீர்கள். மூன்றும் "/யூஎஸ்ஆர்/ஷேர்/தமிழ்" என்ற ஒரே அடைவை, அதாவது போல்டரை, உருவாக்குகின்றன. "பல பொதிகள் பங்குபோடும் அடைவு இது, கட்டமைப்பு மீளாய்வு இல்லாமல் சேர்க்க ஏலாது" என்று ஒற்றை வரியில் திருப்பிவிட்டார்கள். ஒரு போல்டர் உண்டாக்க எதற்கு அனுமதி, யாரிடம் கேட்பது, என்ன எழுதுவது, நாங்கள் சின்ன ஆக்கள் என்றபடியால் இழுத்தடிக்கிறார்களா என்று கேட்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மனதை அரிப்பது அதுதான் என்று தெரிகிறது. சோலாரிஸைச் செய்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் சொந்தப் பொறியியலாளர்களே இதே கேள்விக்குப் பதில் எழுதித்தான் ஓர் அடைவைச் சேர்க்க முடிந்தது. அங்கே பி.எஸ்.ஏ.ஆர்.சி என்று ஒரு கட்டமைப்பு மீளாய்வுக் குழு இருந்தது. இயங்குதளத்துக்குள் புதிதாக வருகிற, பிறர் நம்பி இருக்கப்போகிற எதுவும் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். 2005 இல் ஓப்பன்சோலாரிஸ் திறந்துவிடப்பட்ட பிறகு அந்தக் குழுவுக்குப் போன கோரிக்கைகள் (அவற்றை வழக்குகள் என்பார்கள்) பல பொதுவில் வாசிக்கக் கிடைத்தன. நான் அந்தக் குழுவில் இருந்தவனல்லன். கொழும்பில் சோலாரிஸ் இயந்திரங்களுக்குப் பொதி கட்டுகிற வேலையில் பத்து வருடம் இருந்தேன், பிறகு டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில். இரவிரவாக அந்த வழக்குகளை வாசித்துத்தான் இந்த வேலையின் அடிப்படையையே கற்றேன். ஆகவே வழிமுறைகளைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். உங்களுக்கு வந்த ஒற்றை வரியை எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்பது என் ஊகம் மட்டுமே.

ஓர் ஊர்ச் சங்கதி சொன்னால் கெதியாக விளங்கும். எங்கள் ஆக்களின் காணி உறுதிகளில் "கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும்" என்று ஒரு வரி வரும். ஆறு இல்லாத ஊர், சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற நீரை நம்பிய தோட்டம். ஒரு கிணற்றில் நாலு காணிக்காரருக்குப் பங்கு இருக்கும். கிணறு வெட்டுவது ஒரு மாத வேலை. எந்த நாள் யார் இறைப்பது, தூர்வாரும் செலவு யாருடையது, ஒருவர் தன் காணியை விற்றால் பங்கு யாருக்குப் போகும், ஒருவர் பெரிய மோட்டர் பூட்டினால் மற்றவர் என்ன செய்வது என்பதெல்லாம் தலைமுறைக்கும் வருகிற கேள்விகள். பங்காளிக்கே முதலில் விற்கவேண்டும் என்ற தேசவழமை முன்வாங்கல் உரிமைக்கு 1947 இல் தனிச் சட்டமே வந்தது. உறுதியில் அந்த ஒரு வரி ஒழுங்காக இல்லாமல் நீதிமன்றம் ஏறிய குடும்பங்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். மீளாய்வுக் குழு உங்களிடம் கேட்பது அந்த வரியைத்தான். கிணறு வெட்டும் திறமையை அவர்கள் சோதிக்கவில்லை.

இனி விசயத்துக்கு வருவோம். ஒரு பொதி தன் கோப்பை ஓரிடத்தில் வைத்தால் அந்தக் கோப்புக்கு ஒரே ஓர் உரிமையாளர். இரண்டு பொதிகள் ஒரே கோப்பைக் கொண்டுவந்தால் டெபியனின் பொதி நிறுவும் நிரலான டிபிகேஜி மறுத்துவிடும். அடைவு அப்படியல்ல, எத்தனை பொதிகளும் சேர்ந்து வைத்திருக்கலாம். பழைய சோலாரிஸில் /வார்/சாட்எம்/இன்ஸ்டால்/கன்டென்ட்ஸ் என்ற கோப்பில் ஓர் அடைவின் வரியைப் பார்த்தால் அதன் அனுமதி எண் (யார் வாசிக்கலாம், யார் எழுதலாம் என்று சொல்வது), உரிமையாளர், குரூப் (பாவனையாளர் கூட்டம்), அதன்பின் அதைக் கோருகிற எல்லாப் பொதிகளின் பெயர்களும் நீளமாக நிற்கும். இன்று உங்கள் இயங்குதளத்தில் இருக்கக்கூடிய ஐ.பி.எஸ் பொதிமுறையும் எண்ணிக்கை வைத்திருக்கிறது. கடைசிப் பொதி நீங்கும்போதுதான் அடைவும் நீங்கும். எல்லாரும் வைத்திருக்கிற ஒன்றுக்கு யார் பொறுப்பு என்பதைப் பொதிமுறை கேட்பதில்லை. அந்தக் கேள்வியை மனிதர்கள்தான் கேட்கவேண்டும்.

பொறுப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் ஒரு விடியற்காலையில் கற்றேன். வேலை பார்த்த ஓர் இடத்தில் வேலைகள் வரிசையில் காத்திருக்கும் ஒரே அடைவை இரண்டு பொதிகள் பங்குபோட்டன. முதல் பொதி அதை 2775 என்ற அனுமதியோடு வைத்தது. குரூப்பில் உள்ள எந்த நிரலும் எழுதலாம், எழுதப்படும் கோப்பும் அதே குரூப்பைப் பெறும். இரண்டாவது பொதியைக் கட்டியவர் வழக்கப்படி 0755 என்று, அதாவது உரிமையாளர் மட்டும் எழுதலாம் என்று, போட்டிருந்தார். சாதாரணமாக நிறுவும் நிரல் முரண்பாட்டைக் காட்டி நிறுத்திக் கேட்கும். ஆனால் இரவில் ஆளில்லாமல் நிறுவுவதற்காக நிர்வாகக் கோப்பில் முரண்பாடுகளைப் பார்க்காதே என்று எழுதியிருந்தோம். இரண்டாவது பொதி ஏறியது, அடைவின் அனுமதி மாறியது, முதல் நிரலால் எழுத முடியவில்லை. காலையில் ஓர் இரவு முழுவதற்குமான பற்றுச்சீட்டுகள் அந்தரத்தில் நின்றன. இரண்டு பொதியும் தனித்தனியே சோதித்தபோது சரியாகத்தான் இருந்தன. பிழை அவற்றுக்கு நடுவில் இருந்தது, நடுவுக்கு ஆள் இருக்கவில்லை. பிறகு இரண்டாவது பொதியின் விவரக் கோப்பில் அந்த அடைவின் அனுமதி இருக்குமிடத்தில் கேள்விக்குறி போட்டோம். "இருப்பதை அப்படியே விடு" என்று அதற்குப் பொருள். ஓர் எழுத்துத் திருத்தம். ஆனால் யார் கேள்விக்குறி போடவேண்டியவர், யார் எண் போடும் உரிமை உடையவர் என்று தீர்மானிக்க இரண்டு அணிகள் ஒரு கிழமை கதைத்தன.

உங்கள் பொதிகளிலும் இதே வகைப் பிழை இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன், ஏனெனில் நீங்கள் லினக்ஸில் வளர்த்து இங்கே கொண்டுவந்திருக்கிறீர்கள். லினக்ஸில் /யூஎஸ்ஆர்/ஷேர் அடைவின் உரிமையாளரும் ரூட் (நிர்வாகிக் கணக்கு), குரூப்பும் ரூட். சோலாரிஸ் வழியில் அதன் குரூப் "சிஸ்". /யூஎஸ்ஆர்/பின் அடைவுக்கோ "பின்". உங்கள் பொதி விவரத்தில் மேலடைவையும் சேர்த்து ரூட், ரூட் என்று எழுதியிருந்தால், அதே அடைவை வேறு பண்புகளோடு கோருகிற நூற்றுக்கணக்கான பொதிகளோடு முரண்படும். ஐ.பி.எஸ் அதை எச்சரிக்கையாக விடாது, பிழை என்று சொல்லும். கடிதம் எழுதுவதற்கு முன்னர் இதைச் சரிபாருங்கள். தேவையில்லாத மேலடைவு வரிகளை விவரத்திலிருந்து நீக்கிவிடுவதே நல்லது.

அடுத்தது பெயர். "/யூஎஸ்ஆர்/ஷேர்/தமிழ்" என்ற பெயர் எனக்குச் சரியாகப் படவில்லை. இது என் கருத்து, விதியல்ல. ஆனால் நான் மீளாய்வில் இருந்தால் இதில்தான் முதலில் நிற்பேன். நாளைக்கு இன்னொருவர் தமிழ் எழுத்துரு கொண்டுவருவார், வேறொருவர் பேச்சுத் தரவு கொண்டுவருவார். மொழியின் பெயரை ஓர் அடைவுக்கு இட்டால் அந்த மொழிக்கே நீங்கள் உரிமை கோருவதுபோல் ஆகும். அல்லது எவரும் எதையும் போடுகிற பரணாக அது மாறும். உங்கள் திட்டத்துக்கு ஒரு பெயர் இருக்கிறதல்லவா, அதை வையுங்கள். லினக்ஸ் உலகின் கோப்பு அடுக்குத் தரமான எஃப்.எச்.எஸ்ஸும் பொதியின் பெயரில் ஒரு துணை அடைவு வைப்பதைத்தான் பரிந்துரைக்கிறது. 1994 இல் தொடங்கி 2015 இல் மூன்றாம் பதிப்பு கண்ட ஆவணம் அது. சோலாரிஸ் வழியினர் அதைக் கட்டாயமாகப் பின்பற்றுவதில்லை, ஆனாலும் வாசிக்கத் தகுந்தது.

அந்த ஆவணத்தில் உள்ள இன்னொரு கருத்து உங்களுக்கு இன்னும் முக்கியம். /யூஎஸ்ஆர்/ஷேர் என்ற பெயரில் உள்ள "ஷேர்" எதைக் குறிக்கிறது? பல நிரல்கள் பங்குபோடுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பல வகை இயந்திரங்கள் பங்குபோடக்கூடியது என்பதே பொருள். ஸ்பார்க் செயலி உள்ள கணினியும் இன்டெல் செயலி உள்ள கணினியும் வலையமைப்பு வழியாக ஒரே அடைவை ஏற்றிக்கொள்ளலாம், உள்ளே உள்ளவை இரண்டிலும் ஒரேமாதிரி வாசிக்கப்படும். ஆகவே செயலி வகையில் தங்கியிராத, படிக்க மட்டுமான தரவுதான் அங்கே இருக்கவேண்டும். உங்கள் சொற்தொகுதி இரண்டு வடிவில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று யூனிக்கோட்டில் சாதாரண எழுத்துக் கோப்பு. மற்றது வேகமாகத் தேடுவதற்காக முன்கூட்டியே தொகுத்த "ட்ரை" கோப்பு, அதை நினைவகத்தில் அப்படியே ஏற்றுகிறீர்கள். முதலாவது தாராளமாக அங்கே இருக்கலாம். இரண்டாவதில் எண்கள் செயலியின் பைட் ஒழுங்கில் எழுதப்பட்டிருந்தால் இருக்கக்கூடாது. ஒன்று என்ற எண்ணை நாலு பைட்டில் எழுதினால் ஸ்பார்க் அந்த ஒன்றைக் கடைசிப் பைட்டில் வைக்கும், இன்டெல் முதல் பைட்டில் வைக்கும். இல்லுமோஸ் ஸ்பார்க்கைக் கைவிட்டுவிட்டது, பிறகென்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். 32 பிட் நிரலும் 64 பிட் நிரலும் ஒரே இயந்திரத்தில் ஓடுகின்றன. உள்ளே "லோங்" வகை எண்களை நேரடியாக எழுதியிருந்தால் அவை இரண்டிலும் வேறு அளவு. ஒரே கோப்பை இரண்டு நிரல்களும் வேறுவேறாக வாசிக்கும். பைட் ஒழுங்கையும் எண்ணின் அளவையும் கோப்பு வடிவத்திலேயே நிர்ணயித்து எழுதுங்கள், அல்லது தொகுத்த கோப்பை /யூஎஸ்ஆர்/லிப் பக்கம் கொண்டுபோங்கள். மூன்றாவது வழி, எழுத்துக் கோப்பை மட்டும் பொதியில் அனுப்பி, நிறுவிய பிறகு அந்தந்த இயந்திரத்திலேயே தொகுத்து /வார் அடியில் வைப்பது.

எழுதுவது பற்றியும் கேட்பார்கள். விசைப்பலகை நிரல் பாவனையாளர் அடிக்கிற புதுச் சொற்களைக் கற்றுக்கொள்கிறது என்கிறீர்கள். அந்தச் சொற்கள் எங்கே போகின்றன? பொது அடைவுக்குள் என்றால் அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. 2005 இல் வந்த சோலாரிஸ் 10 இல் "சோன்" என்கிற உட்பிரிவுகளில் /யூஎஸ்ஆர் முழுவதும் படிக்க மட்டும் என்றே ஏற்றப்படும் அமைப்பு இருந்தது. ஓடும் நேரத்தில் அங்கே எழுதுகிற நிரல் அந்த நிமிடமே விழும். அதைவிடப் பாரதூரமானது, எல்லாரும் எழுதக்கூடிய பொது அடைவு ஒரு பாதுகாப்பு ஓட்டை. தற்காலிகக் கோப்புகளுக்கான /டெம்ப் போன்ற அடைவில் ஒட்டு பிட் போட்டு ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்காமல் தடுக்கலாம், ஆனால் மற்றவர் முன்கூட்டியே ஒரு குறியீட்டு இணைப்பை (வேறொரு கோப்பைச் சுட்டும் பெயரை) வைத்து ஏமாற்றுவதை அது தடுக்காது. இந்தத் தந்திரத்துக்கு எதிரான காவலை லினக்ஸ் கருவே 2012 இல்தான் சேர்த்தது. ஒருவர் அடிக்கிற சொற்கள் அவருடைய அந்தரங்கம் என்பதையும் நினைத்துப்பாருங்கள். ஒரே கணினியைப் பாவிக்கிற இன்னொருவருக்கு அது பரிந்துரையாக வந்து நிற்கக்கூடாது. பாவனையாளரின் வீட்டு அடைவுக்குள் வையுங்கள்.

புதுக் கிணறு வெட்டுவதற்கு முன் பக்கத்தில் உள்ள கிணற்றில் பங்கு கேட்கலாமா என்றும் பாருங்கள். எழுத்துப்பிழை பார்க்கும் அகராதிகளுக்கு ஹன்ஸ்பெல் என்ற நிரல் ஏற்கெனவே ஓர் அடைவு வைத்திருக்கிறது, அதற்குள் மொழிக் குறியீடும் நாட்டுக் குறியீடும் சேர்ந்த பெயரில் கோப்பை வைக்கவேண்டும் என்ற ஒழுங்கும் இருக்கிறது. இலங்கைத் தமிழுக்கு உரிய குறியீட்டைப் போட்டு வைத்தால் அந்தக் கோப்புக்குப் புது அனுமதியே தேவைப்படாது. விசைப்பலகை அமைப்புகளுக்கு எம்17என் என்ற பன்மொழி நூலகத்தின் அடைவு இருக்கிறது, தமிழ்99 உம் எங்கள் ரெங்கநாதன் விசைப்பலகையும் அங்கேதான் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. யாரோ ஒருவர் பெயரிடும் ஒழுங்கை ஒருதரம் சரியாக எழுதிவைத்ததால்தான் ஒருவரையொருவர் தெரியாத ஆக்கள் செய்த கோப்புகள் மோதாமல் கிடக்கின்றன. இப்படிப் பிரித்துப் பார்த்தால் உங்கள் மூன்று பொதிகளுக்கும் உண்மையிலேயே பொதுவானது தொகுத்த சொற்தொகுதி ஒன்றுதான் என்று தெரியவரலாம்.

அப்படியானால் இன்னும் சுருங்கும். சொற்தொகுதியை நாலாவது பொதியாகப் பிரித்து, அடைவை அது மட்டும் வைத்திருக்கட்டும். மற்ற மூன்றும் அதில் தங்கியிருக்கட்டும். ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் பொதி விதிகளும் இந்தத் திசையில்தான் நிற்கின்றன. நீ உருவாக்கும் அடைவை நீ சொந்தம் கொண்டாடு, அல்லது சொந்தம் கொண்டாடும் பொதியில் தங்கியிரு. ஒரே அணியின் மூன்று பொதிகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன். வெளியாரும் அந்த அடைவுக்குள் தங்கள் சொற்பட்டியலைப் போடலாம் என்று திறந்துவிட நினைத்தால் கதை வேறு. அப்போது கோப்புப் பெயர் ஒழுங்கு, கோப்பு வடிவத்தின் பதிப்பு எண், புதுப் பட்டியல் வந்ததும் தேடலுக்கான சுட்டியை (இன்டெக்ஸை) யார் மறுபடி தொகுப்பது எல்லாம் எழுதவேண்டும். ஐ.பி.எஸ் பொதிகளுக்குள் நிறுவும் நேரத்து நிரற்துண்டுகள் ஓடாது. அதற்குப் பதில், பொதிகள் ஓர் அடைவுக்குள் துண்டு துண்டாகக் கோப்புகளைப் போடும், அதோடு ஒரு சேவையைத் திரும்பத் தொடங்கச் சொல்லும் குறிப்பும் வைத்திருக்கும். அந்தச் சேவை எழுந்து துண்டுகளைச் சேர்த்துச் சுட்டியைக் கட்டும். டெபியனில் இதே வேலையை ட்ரிகர்கள் செய்கின்றன. டெபியன் பழக்கத்தில் நிறுவற்பின் ஸ்கிரிப்ட் ஒன்றை நீங்கள் எழுதி வைத்திருந்தால் அது இங்கே ஓடாது என்பதைக் கவனியுங்கள்.

இத்தனை கெடுபிடி ஒரு பாதைக்கு எதற்கு என்று இன்னும் தோன்றலாம். பாதை ஒருமுறை வெளியே போனால் திரும்பி வராது. சோலாரிஸில் பழைய பி.எஸ்.டி யூனிக்ஸின் நடத்தையை எதிர்பார்ப்பவர்களுக்கு /யூஎஸ்ஆர்/யூசிபி, எக்ஸ்.பி.ஜி தரத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு /யூஎஸ்ஆர்/எக்ஸ்பிஜி4 என்று அடைவுகள் வருடக்கணக்காக நின்றன, யாருடைய ஸ்கிரிப்டிலோ அந்தப் பாதை எழுதப்பட்டிருந்தபடியால். திறந்த மூல நிரல்களை /யூஎஸ்ஆர்/எஸ்எஃப்டபிள்யூ என்ற தனி அடைவில் ஒதுக்கிவைத்தபோது, நிரல் இருப்பதே பாவனையாளருக்குத் தெரியாமல் போனது. அவற்றைப் பொது இடமான /யூஎஸ்ஆர்/பின்னுக்குக் கொண்டுவரலாம் என்று 2005 இல் ஒரு வழக்கு தீர்மானித்தது. பெயர் மோதுகிற குனு திட்ட நிரல்களுக்கு மட்டும் /யூஎஸ்ஆர்/குனு என்று 2007 இல் இன்னொரு வழக்கு இடம் கொடுத்தது. அந்த இரண்டு வழக்குகளும் உங்கள் கேள்விக்கு மிக நெருங்கியவை. கிடைத்தால் வாசியுங்கள். லினக்ஸ் பக்கத்தில் /பின், /லிப் அடைவுகளை /யூஎஸ்ஆருக்குள் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் இணைப்பு வைக்கிற மாற்றத்தை ஃபெடோரா 2012 இல் 17ஆம் பதிப்பில் செய்தது. டெபியனில் அது 2019 இல் புது நிறுவல்களுக்கு இயல்பாகி, 2023 இல் 12ஆம் பதிப்பில்தான் கட்டாயமானது. இடையில் எத்தனை வாதம்! ஒரே கோப்பு இரண்டு பாதைகளில் தெரியும்போது பொதிமுறை அதை இரண்டு கோப்பு என்று எண்ணிக் குழம்புவதுதான் அதன் அடிவேர். பல பொதிகள் வைத்திருக்கும் அடைவைப் பிறகு இணைப்பாக மாற்றுவது எவ்வளவு வில்லங்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனிக் கடிதம். சன் காலத்து முறையில் இரண்டு வழி இருந்தது. சிறிய, எவரும் மறுக்கமாட்டார்கள் என்று தோன்றும் விசயத்துக்கு "ஃபாஸ்ட் ட்ராக்": ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புவது, பொதுவாக ஒரு கிழமை நேரம், அதற்குள் எவரும் தடை சொல்லாவிட்டால் அனுமதி. குழுவில் ஒருவர் இது அவ்வளவு சின்ன விசயமல்ல என்று நினைத்தால் தடம் மாற்றி முழு வழக்காக்கலாம். முழு வழக்கென்றால் ஆரம்பத்தில் ஒரு கூட்டம், இறுதியில் ஒரு கூட்டம், நீண்ட கேள்வித்தாள். இன்று இல்லுமோஸில் அந்தக் குழு இல்லை. பெரிய மாற்றங்களுக்கு ஐ.பி.டி என்ற திட்ட உரையாடல் ஆவணம் எழுதிக் கருத்துக் கேட்கிறார்கள், பிறகு சேர்ப்பதற்கான விண்ணப்பம் போகிறது. நீங்கள் கொடுத்தது அதன் வழிவந்த ஒரு விநியோகத்துக்கு, அதாவது அதை வைத்துக் கட்டிய ஓர் இயங்குதளத்துக்கு. ஒவ்வொரு விநியோகத்துக்கும் தன் பழக்கம் உண்டு. ஆகவே முதல் வேலை, திருப்பி அனுப்பியவரிடமே "எந்த வடிவில் எழுதவேண்டும், கடைசியாக இப்படிச் சேர்ந்த ஓர் அடைவின் கோரிக்கையைக் காட்டமுடியுமா" என்று மரியாதையாகக் கேட்பது. வடிவம் எதுவானாலும் உள்ளே இருக்கவேண்டியது பழைய ஃபாஸ்ட் ட்ராக் கேட்டதுதான்.

அந்த முறையின் உயிர் இடைமுக அட்டவணை. நீங்கள் வெளியே கொடுப்பது என்ன, பிறரிடமிருந்து எடுப்பது என்ன, ஒவ்வொன்றும் எவ்வளவு உறுதி. உறுதிக்கு நிலைகள் உண்டு. "கமிட்டட்" என்றால் பெரும் பதிப்பு மாறும்வரை முறிக்கமாட்டேன் என்ற வாக்கு. "அன்கமிட்டட்" என்றால் சிறு பதிப்பிலும் மாறலாம். "வோலடைல்" என்றால் எந்நேரமும் மாறலாம். "பிரைவேட்" என்றால் எங்களுக்குள் மட்டும், வெளியார் தொடவேண்டாம். இவற்றின் விளக்கம் "ஆட்ரிபியூட்ஸ்" என்ற கையேட்டுப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் விடுகிற பிழை, எல்லாவற்றையும் கமிட்டட் என்று எழுதுவது. பெருந்தன்மை என்று நினைக்கிறார்கள். பார்ப்பவருக்கு அது யோசிக்காமல் கொடுத்த வாக்காகத்தான் தெரியும். அடைவின் பாதைக்கு ஒரு நிலை, உள்ளே உள்ள எழுத்துக் கோப்பின் வடிவத்துக்கு ஒரு நிலை, தொகுத்த கோப்புக்கு வேறு நிலை என்று பிரித்து எழுதுங்கள். அந்தப் பிரிப்பைக் கண்டாலே வாசிப்பவருக்கு நம்பிக்கை வரும்.

நான் எழுதினால் உள்ளடக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கும், ஆங்கிலத்தில் நீங்கள் உங்கள் சொற்களில் எழுதுங்கள்: "தமிழ்ச் சொற்தொகுதிக்காக /யூஎஸ்ஆர்/ஷேர் அடியில் எங்கள் திட்டப் பெயரில் ஓர் அடைவு கோருகிறோம். அதைச் சொற்தொகுதிப் பொதி மட்டும் கொண்டுவரும், மற்ற மூன்று பொதிகளும் அதில் தங்கியிருக்கும். உரிமையாளர் ரூட், அனுமதி 0755, குரூப் உங்கள் வழக்கப்படி. ஓடும் நேரத்தில் எதுவும் இங்கே எழுதாது, பாவனையாளர் கற்பித்த சொற்கள் அவரவர் வீட்டு அடைவில் இருக்கும். பாதை அன்கமிட்டட், எழுத்துக் கோப்பின் வடிவம் அன்கமிட்டட், தொகுத்த கோப்பு எங்கள் பொதிகளுக்குள் மட்டும் பிரைவேட். தொகுத்த கோப்பில் பைட் ஒழுங்கும் எண்ணின் அளவும் நிர்ணயிக்கப்பட்டவை, தலைப்பில் பதிப்பு எண் உண்டு. வெளிப் பொதிகள் இப்போதைக்கு இங்கே கோப்பு வைக்கக்கூடாது, தேவை வந்தால் தனிக் கோரிக்கை வைப்போம். ஹன்ஸ்பெல் அகராதி அதன் வழக்கமான இடத்தில் இருக்கும். பொதி நீங்கும்போது அடைவு வெறுமையாகி நீங்கும். பராமரிப்பவர் இன்னார், அவர் விலகினால் அடுத்தவர் இன்னார்." இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.

கடைசி வசனத்தைச் சும்மா போடவில்லை. மூன்று மாணவர்கள் செய்கிற திட்டம் படிப்பு முடிந்ததும் என்ன ஆகும் என்று வாசிப்பவர் மனதில் கேள்வி எழும். வெளியில் கேட்கமாட்டார். உங்களில் ஒருவர் கிளிநொச்சிப் பக்கம் வேலைக்குப் போகலாம், மற்றவர் கனடா போகலாம். இரண்டு பெயர்கள், தனியாள் அஞ்சலுக்குப் பதில் திட்டத்தின் பொது அஞ்சல், மூலம் எங்கே இருக்கிறது, இந்த மூன்றும் இருந்தால் அந்தக் கேள்வி பாதி அடங்கும். வெளிப்படையாக வரும் எதிர்ப்புகளில் ஒன்றிரண்டு உங்களுக்கு அநியாயமாகப் படும். அந்த நேரத்தில் உடனே பதில் எழுதாமல், "இந்த ஆட்சேபம் எந்த வரியை மாற்றினால் தீரும்" என்று கேட்டு எழுதுங்கள். என் அனுபவத்தில் அதற்கு நேரான பதில் வராமல் இருந்தது குறைவு. எவ்வளவு நாள் எடுக்கும் என்பதற்கு உறுதியான எண் தரமாட்டேன். தன்னார்வலர்கள் நடத்தும் விநியோகங்களில் ஒரு கிழமையும் பார்த்திருக்கிறேன், மூன்று மாதமும் பார்த்திருக்கிறேன். இரண்டு கிழமை மௌனம் என்றால் ஒருமுறை நினைவூட்டுவது பிழையே இல்லை.

ஒழுங்கு எப்படி என்றால், இந்தச் சனி ஞாயிறில் முதலில் அந்தத் தொகுத்த கோப்பை எடுத்து 32 பிட் நிரலிலும் 64 பிட் நிரலிலும் திறந்து பாருங்கள். அது இரண்டிலும் ஒன்றுபோல் வாசித்தால் பாதை /யூஎஸ்ஆர்/ஷேராகவே இருக்கலாம், கடிதத்தைத் தொடங்கலாம். வாசிக்காவிட்டால் கோப்பு வடிவத்தைத் திருத்துவதா, இடத்தை மாற்றுவதா என்று நீங்கள் மூவரும் இருந்து தீர்மானியுங்கள், அதற்குப் பிறகு எழுதுங்கள். எழுதிய வரைவை இங்கே போட்டால் அனுப்புவதற்கு முன் வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.